தூக்க எத்தனை பேர் இருக்கீங்க?

இரண்டு கோடைக்கு முன்னால், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது.

இரும்புலியூரில் நான் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறேன். சாவு வீட்டில் உடலைக் கிடத்தி வைக்கிற குளிர்பெட்டி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம், கல்லூரி என்று போன முதல் ஆள் நான். பி.காம். முடித்து, கிடைத்த வேலைகள் எதுவும் ஒட்டாமல் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "காலேஜ் பட்ச்சிட்டு பொணப் பொட்டி வாடகைக்கு வுடப்போறியாடா?" என்றார். நண்பன் ஒருவன், "மச்சான், கடை வாசல்ல 'மீண்டும் வருக'ன்னு மட்டும் போர்டு வெச்சுடாதடா, அடிப்பானுங்க" என்றான்.

தாம்பரத்தில் ஒரு சிறுதொழில் பயிற்சி வகுப்புக்கும் போனேன். ஒரு முறை வந்த வாடிக்கையாளர் மறுபடியும் வர வேண்டும், அதுதான் தொழிலின் உயிர் என்று அங்கே சொன்னார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் எழுதிக்கொண்டேன். என் தொழிலில் அது நடக்காது. என் முகத்தை இரண்டாம் முறை பார்க்க யாரும் விரும்புவதில்லை. அதனால் வேறு கணக்குப் போட்டேன். வண்டி ஓட்டுவது நான், பெட்டியைக் கழுவுவது நான், போன் எடுப்பது நான். தூக்குவதற்கு ஆள் வைக்க வேண்டியதே இல்லை. சாவு வீட்டில் போய் நின்று "ரெண்டு பேர் வாங்கண்ணா" என்றால் ஆறு பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். சேலையூரில், சந்து பொந்துகளில், சண்டைக்காரன் வீட்டுச் சாவுக்குக்கூட அப்படித்தான் வருவார்கள். அந்தக் கைகளை நம்பித்தான் என் ஒற்றை ஆள் தொழில் ஓடியது.

அன்று போனில் பேசியது ஒரு வயதான அம்மா. விடியற்காலையில் கணவர் இறந்துவிட்டார், டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார், ஒரே மகள் வெளிநாட்டிலிருந்து மறுநாள் பகலில்தான் வந்து சேருவார் என்றார். குரலில் அழுகை இல்லை. முகவரியைத் தெளிவாகச் சொன்னார்.

குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனேன். இறக்குவதற்கு மட்டும் செக்யூரிட்டி கை கொடுத்தார். வடக்கத்திக்காரர். "கேட் விட்டு மேலே வர முடியாது பையா" என்று போய்விட்டார். பெட்டிக்குச் சக்கரம் உண்டு, ஸ்ட்ரெச்சர் போகிற பெரிய லிஃப்ட்டும் இருந்தது. நானே தள்ளிக்கொண்டு மேலே போனேன்.

கதவு திறந்தது. உள்ளே அந்த அம்மாவும், கட்டிலில் அவர் கணவரும். வேறு யாரும் இல்லை. வாசலில் ஒரு செருப்புகூடக் கிடக்கவில்லை. சாவு வீட்டு வாசலை அப்படி நான் பார்த்ததே கிடையாது.

"சொந்தக்காரங்க யாரும்...?"

"எல்லாரும் ஊர்ல. கிளம்பிட்டிருக்காங்க. ராத்திரி ஆயிடும்."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கணவரின் வயிறு லேசாக உப்ப ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரிந்தது. வெளியே சொல்லவில்லை. அந்த அம்மாவோ என் முகத்தைப் படித்துவிட்டார். "என் பொண்ணு வர்ற வரைக்கும் அவர் முகம் மாறக் கூடாதுப்பா. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்" என்றார்.

பக்கத்து வீடுகளில் மணி அடித்தேன். இரண்டு கதவுகள் திறக்கவே இல்லை. மூன்றாவது வீட்டில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. அந்தப் பெண் கதவிடுக்கிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பா நினைக்காதீங்கண்ணா" என்றார். எதிர் வீட்டுப் பையன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் விலக்கினான். "ஆபீஸ் கால்ல இருக்கேன் ப்ரோ. ஒரு மணி நேரம் கழிச்சு வரட்டுமா?" அவர்கள் யாரும் கெட்டவர்கள் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் என் கணக்கு அந்த நடைபாதையில் செத்துப்போனது. தாம்பரத்திலிருந்து யாரையாவது கூப்பிட்டால் அந்த டிராஃபிக்கில் எப்போது வந்து சேருவார்களோ?

திரும்பி வந்து தலை குனிந்து நின்றேன். அந்த அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் பிடிக்கிறேன்."

"அம்மா, வேணாம். நீங்க எப்படிம்மா..."

"ரெண்டு வருஷமா படுக்கையில இருந்தார். புரட்டினது, தூக்கினது எல்லாம் யாருன்னு நினைக்கிற? போர்வையை அடியில விடு. தலைப் பக்கம் நீ, கால் பக்கம் நான்."

சொல்லிவிட்டுக் கணவரின் காதருகே குனிந்தார். "ஏங்க, இன்னைக்காவது கொஞ்சம் லேசா இருங்களேன்."

தூக்கினோம். உயிர் போன உடம்பின் கனம் தூக்கியவனுக்குத்தான் தெரியும். பெட்டியின் விளிம்பு வரை கொண்டுபோய்விட்டோம். அங்கே அந்த அம்மாவின் கை நழுவியது. குதிகால் இரும்பு விளிம்பில் 'டங்' என்று இடித்தது. நான் தலைப் பக்கத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு கையால் போர்வையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் அந்தக் குதிகாலைத் தேய்த்துவிட்டார். "வலிச்சிடுச்சா? வலிச்சிடுச்சாங்க?" அதுவரை அழாதவர் அப்போதுதான் உடைந்தார். எத்தனையோ சாவு வீடு பார்த்தவன் நான். அன்று எனக்கும் கண்ணீர் மறைத்தது. எப்படியோ கிடத்தி, மூடியைப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன். பெட்டி உறும ஆரம்பித்த பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார்.

மறுநாள் மாலை பெட்டியை எடுக்கப் போனேன். வாசல் நிறையச் செருப்புகள். ஆண்களெல்லாம் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். முகம் மாறவில்லை, தூங்குவது மாதிரியே இருந்தார் என்று மகள் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். கழுவிவிட்ட ஈரத் தரையில் நான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

சாவு வீட்டில் 'போய் வருகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. யாரும் 'வா' என்று வழியனுப்புவதும் இல்லை. எத்தனையோ வீடுகளிலிருந்து ஒரு வார்த்தை இல்லாமல் வெளியேறிப் பழகியவன் நான். அந்த அம்மா எழுந்து வாசல் வரை வந்தார்.

"போயிட்டு வாப்பா."

நான் திகைத்து நின்றேன். மகள் பதறிப்போய், "அம்மா, என்ன சொல்ற நீ?" என்றார்.

"சொன்னது சரிதான்." என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கும் நீதான் வரணும். உன் நம்பரை மாத்திடாத. அப்போ இந்தப் பக்கம் பிடிக்க நான் இருக்க மாட்டேன். ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா."

சரி என்று தலையை ஆட்டினேன்.

இப்போது யார் அழைத்தாலும் முகவரிக்கு முன்னால் நான் கேட்பது, "தூக்க எத்தனை பேர் இருக்கீங்க?" என்றுதான். யாரும் இல்லை என்று சொல்லும் வீடுகள் கூடிக்கொண்டே வருகின்றன. கூப்பிட்டால் வர இரண்டு பேரை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு ஆபீஸ் வேலை கிடைத்தது, அம்மா கெஞ்சினார். போகவில்லை. நம்பரையும் மாற்றவில்லை. அந்த அம்மாவின் எண்ணைப் பெயர் போட்டுப் பதிந்து வைத்திருக்கிறேன். மணி அடிக்கிற ஒவ்வொரு முறையும் பயத்தோடுதான் திரையைப் பார்க்கிறேன். அந்த அழைப்பு வருகிற நாளில் நான் இந்தத் தொழிலில் இருக்க வேண்டும், அந்த நாள் மட்டும் சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர, என் தொழிலுக்கென்று வேறு எந்த வேண்டுதலும் இப்போது என்னிடம் இல்லை.