மாத்திரையோடு ஒருசந்தி

எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். போச்சம்பள்ளியில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. குறை கண்டுபிடிப்பதே தொழில் என்பதால், மாதா கோயிலிலும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

போன தவக்காலத்தில், ஒரு வேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி நோயாளிகளுக்குக் கட்டாயமில்லை என்று ஃபாதர் பூசையிலேயே சொன்னார். அதெல்லாம் வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில், எங்கள் கோயிலுக்கு வரும் ஸ்டெல்லா டிபன் பாக்ஸைத் திறந்தாள். "உனக்கெல்லாம் தவக்காலம் எதுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மருந்து ஒருசந்தியை முறிக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கியிருந்தேன். விழுங்கினால் சாப்பிட்டாக வேண்டும் என்ற சின்ன விஷயம்தான் இந்தப் புனித மண்டையில் ஏறவில்லை.

பத்து மணிக்குள் வியர்த்துக் கொட்டியது. கையிலிருந்த ஷூ இரண்டாகத் தெரிந்தது. ஸ்டெல்லாதான் ஓடிவந்து உட்காரவைத்தாள்.

"இன்னாக்கா, எதனா சாப்ட்டியா இல்லியா?"

"ஒருசந்தி..."

"சுகரை வெச்சிக்கினு இன்னாக்கா ஒருசந்தி? மொதல்ல இதக் குடி" என்று தன் மாம்பழ ஜூஸைக் கொடுத்தாள்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மயங்கி விழுந்திருப்பேன் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

இந்தத் தவக்காலத்தில் மாத்திரை போட்டதும் இட்லி சாப்பிட்டுவிடுகிறேன். ஆசையை அடக்கும் ஒறுத்தலுக்கு, அடுத்தவர் டிபன் பாக்ஸை எட்டிப்பார்ப்பதை விட்டிருக்கிறேன். பட்டினி இதைவிடச் சுலபமாக இருந்தது.