பழுப்பேறிய வெள்ளை வைன்

நவரத்தினத்தின் வேலை போனதற்கு நான்தான் காரணம். அவர் பொறுப்பில் இருந்த வைன் கெட்டது அவருடைய கவனக்குறைவால் அல்ல. அதற்கான சான்று என் மேசை லாச்சியில் இருந்தது. இருந்தும் நான் பொய் சொன்னேன்.

எழுபத்தாறு வயதில் இதை முதன்முதலாக உங்களிடம் சொல்கிறேன். பொறாமையால் சொன்ன பொய் அது. வேறு பெயர்கள் வைத்துப் பார்த்திருக்கிறேன்... மனக்குறை என்றேன், நியாயமான கோபம் என்றேன். ஒன்றும் பொருந்தவில்லை.

கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு ஹோட்டலில் நாங்கள் வேலை செய்தோம். நான் சாப்பாட்டு மண்டபத்துக்குப் பொறுப்பாளன். அதற்கு முன் மடுல்கெல்லவில், தேயிலைத் தொழிற்சாலையில், தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்லும் வேலை. நவரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஆறு வயது இளையவர். எனக்கு நான்கு வருடங்கள் பின்னால் வந்தவர். வைன் அறைப் பூட்டின் திறப்பை முதலாளி அவரிடம் கொடுத்தார்.

என்னிடம் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்!

அப்படித்தான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஆனால் அவருடைய மூக்கு... அதை என்னவென்று சொல்வது? கிளாஸை ஒருமுறை சுழற்றி முகர்ந்துவிட்டு, எந்த ஊர், எந்தத் திராட்சை, எத்தனை வருடம் என்று சொல்லிவிடுவார். நான் புத்தகங்களைப் புரட்டி மனப்பாடம் செய்தேன். அவர் மூச்சு விடுவதுபோல் அறிந்தார்.

ஒருநாள் விருந்தாளிகளின் முன்னால் ஒரு வைனைத் தவறாகச் சொல்லிவிட்டேன். நவரத்தினம் சிரித்தார்.

"அண்ணை, உங்கட மூக்கு தேயிலைக்குத் தாலி கட்டின மூக்கு. வைனை நிமிர்ந்தும் பாராது!"

"ஒங்க மூக்கு மட்டும் பிரான்சுலயா பொறந்துச்சு?" என்று நானும் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதை மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

முதலாளி பிரான்சிலிருந்து வரவழைத்த உயர்ந்த வெள்ளை வைன் பன்னிரண்டு போத்தல்கள் அந்த அறையில் இருந்தன. பத்துப் பதினைந்து வருடம்வரை கெடாமல், கிடக்கக் கிடக்க அழகு பெறும் வகை. தன் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவற்றைத் திறப்பதென்று முதலாளி வைத்திருந்தார். அந்தப் பிறந்தநாள் வரும்போது வைனுக்கு ஒன்பது வயது. எட்டு வருடங்களாக நவரத்தினம் அவற்றைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டார். குளிரூட்டி நின்றால் ஜெனரேட்டரைப் போடுவார். கதவு திறந்தால் உடனே மூடுவார்.

பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பு அவர் லீவில் யாழ்ப்பாணம் போனார். அந்த வாரத்தில் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வருடா வருடம் எங்களிடம் வந்து தங்கும் வெளிநாட்டு வைன் வியாபாரி ஒருவர் எழுதியது. ஹோட்டல் தபால் என் கைக்குத்தான் வரும். பிரித்தேன்... பிறருடைய கடிதத்தை!

அந்தப் பகுதியின், அந்த வருடங்களின் வெள்ளை வைன்கள் உலகமெங்கும் காலத்துக்கு முன்பே பழுப்பேறுகின்றன என்று எழுதியிருந்தார். காற்று எப்படியோ உள்ளே வேலை செய்துவிடுகிறது. தக்கையின் குற்றம் என்கிறார்கள் சிலர், செய்முறையின் குற்றம் என்கிறார்கள் சிலர், உறுதியாக யாருக்கும் தெரியவில்லை. மிகச் சிறந்த நிலவறையிலும் இது நடக்கிறது. ஒரே பெட்டியில் ஒரு போத்தல் உயிரோடு இருக்கும், பக்கத்துப் போத்தல் செத்திருக்கும். கடைசியில், "இது உங்கள் பிழையாக இராது. விருந்துக்கு முன் ஒன்றைத் திறந்து பாருங்கள்."

நாளைக்குக் கொடுக்கலாம் என்று லாச்சியில் வைத்தேன். நவரத்தினம் திரும்பி வந்தார். எனக்கென்று ஓர் ஓலைக் குட்டானில் பனங்கட்டி கொண்டுவந்து தந்தார். வாங்கிக்கொண்டேன். கடிதத்தைக் கொடுக்கவில்லை.

மற்ற ஹோட்டல்களில் வைனைத் திறப்பவர் ஒரு மிடறு சுவைத்துப் பார்த்துத்தான் ஊற்றுவார். எங்கள் முதலாளி அதை அனுமதிப்பதில்லை. படையலுக்கு முன் யாரும் வாய் வைக்காதது போல, அவருக்கு முன் அவருடைய வைனில் யாரும் வாய் வைக்கக்கூடாது. அந்தக் கடிதம் கையில் இருந்திருந்தால் நவரத்தினம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருப்பார். கேட்க அவருக்குக் காரணம் இருக்கவில்லை. காரணம் என்னிடம் இருந்தது.

பிறந்தநாள் பகல் விருந்து. முதல் போத்தலை நவரத்தினம் திறந்து முதலாளியின் கிளாஸில் ஊற்றினார்.

வெளிறிய பொன்னிறமாக விழ வேண்டியது, பால் விடாத தேநீர்போல் விழுந்தது.

அந்த மணம் நான் நின்ற இடம்வரை வந்தது. நறுக்கி நெடுநேரம் வைத்த ஆப்பிள்; பழைய கொட்டைப் பருப்பு. தேயிலைக் கொழுந்தை அரைத்துக் காற்றில் விட்டுச் சிவக்க வைப்பதுதான் எங்கள் தொழிற்சாலையின் வேலையே. அங்கே அது தேநீரின் பிறப்பு. இங்கே வைனின் சாவு. அந்த மேசையில் அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இரண்டாவது போத்தல் திறந்தார். அதுவும் பழுப்பு. மூன்றாவது... தெளிவாக, ஒளியாக, மணமாக இருந்தது!

அந்த நல்ல போத்தல்தான் அவரைக் கவிழ்த்தது. "ஒன்று நன்றாக இருக்கிறதென்றால் வைனில் குற்றமில்லை. வைத்திருந்தவனில்தான் குற்றம்," என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்தார். "நீ தேயிலை சுவைத்தவன். உண்மையைச் சொல். இது என்ன?"

கடிதம் இருபது அடி தூரத்தில் இருந்தது.

"சூடு பட்டிருக்கு, சேர்," என்றேன்.

நவரத்தினம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. என் சொல்லை நம்பினார்! தன்னுள் தேடிப் பிழையையும் கண்டுபிடித்துக்கொண்டார். "ஓம் சேர்... நான் லீவில நிண்ட கிழமை மழைக்கு ரெண்டு நாள் கரண்ட் போனது. அதாத்தான் இருக்கும்."

அன்று பின்னேரமே அவரைப் போகச் சொன்னார்கள். "அவரை அனுப்ப வேண்டாம் சேர்" என்று நவரத்தினத்தின் காது கேட்க ஒருமுறை சொன்னேன். மறுமுறை சொல்லவில்லை. திறப்பு என்னிடம் வந்தது. பன்னிரண்டு வருடங்கள் அதை வைத்திருந்தேன்.

வைனைச் சூட்டில் கெடுத்தவர் என்ற பேச்சு பரவியதால், வேறெந்தப் பெரிய ஹோட்டலும் அவரை எடுக்கவில்லை. தெல்தெனியவில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

போன வருடம் அவரிடம் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள். தெல்தெனியவிலேயே மகளின் வீட்டில் இருந்தார்.

"அண்ணையோ! வாங்கோ, வாங்கோ, கதிரையில இருங்கோ. பிள்ளை, ஆர் வந்திருக்கினம் எண்டு பார்! நான் சொல்லுற அண்ணை இவர்தான். அண்டைக்கு முதலாளியிட்ட எனக்காகக் கதைச்ச ஒரே ஆள்!"

மகள் என்னைக் கும்பிட்டாள்.

"அந்த ஜெனரேட்டருக்கு ஒரு ஆளைச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம் அண்ணை. என்ர பிழைதான்."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க..."

"இல்லை அண்ணை. பிழை பிழைதானே. அதுக்குப் பிறகு நான் ஒரு போத்தலும் திறக்கேல்லை. கை கூசுது."

ஒரு வாக்கியம் போதும். அது தொண்டைவரை வந்துவிட்டது. அப்போது மகள் தேநீர் கொண்டுவந்தாள். நான் ஒரு வாய் குடித்து, நன்றாக இருக்கிறது என்றேன். நவரத்தினம் கோப்பையை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடித் திறந்தார்.

"அரைச்ச கொழுந்தைக் கூட நேரம் காத்தில விட்டிட்டினம். என்ன அண்ணை?"

மறுபடி முகர்ந்து பார்த்தேன். சரிதான்! என் தொழிலில், என் தேயிலையில், என்னை முந்திவிட்டார்... அந்தக் கணத்தில் பழைய நெருப்பு நெஞ்சில் பற்றிக்கொண்டது. வந்த வார்த்தையை விழுங்கினேன். சுகம் விசாரித்தேன். கண்டி பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

அன்று சொல்லவில்லை. இன்றுவரையும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். அவர் திட்டுவார் என்ற பயமா? திட்டுவார் என்றால் போய்ச் சொல்லியிருப்பேனே! அவர் திட்டமாட்டார். என் கோப்பையை என் பக்கம் நகர்த்துவார். பிறகு, "பரவாயில்லை அண்ணை, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்பார். மனதாரச் சொல்வார். அதிலும் அவர் என்னைவிட உயர்ந்து நிற்பார்.

அதைத் தாங்க என்னால் முடியவில்லை. அதனால் தெல்தெனியவில் ஒரு மனிதர், தான் செய்யாத பிழையை இன்னமும் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.