சாவு வீட்டில் டீ குடித்தவர்கள்

பி.ஏ. கடைசி வருஷம் படிக்கும்போது கல்யாணமாகி, பம்பாயில் செம்பூரிலிருந்து மாதுங்காவுக்கு வந்தேன். இரண்டு அறை வீடு, ஆறு பேர். எனக்குக் காலேஜ் காலையில். வீட்டு ஆண்களின் ஆபீஸ் சாப்பாட்டு டப்பாவுக்குச் சமைக்கிற நேரமும் அதேதான். அதனால் நான் படிப்பை நிறுத்த வேண்டும் என்பது மாமியாரின் கட்சி. என் கணவர் எந்தக் கட்சியிலும் இல்லை, பேப்பருக்குப் பின்னால் இருந்தார். மாமியாரை நினைத்தால் இன்று கை தானாகக் கும்பிடுகிறது. அன்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷப் பாடத்தில் ஒரு இங்கிலீஷ் கொலை நாவல். அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தி. அது மாமியார் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏண்டி, கொலை பண்ணக் கத்துக்கறதுக்கா டப்பா கூடக் கட்டாம கார்த்தால ஓடற?"

"கதையைக் கேட்டுட்டுச் சொல்லுங்கோம்மா" என்று, மத்தியானம் அவர் பீன்ஸ் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பெரிய பங்களா, பணக்காரக் கிழவி, கூடவே பிள்ளை, மருமகள், உறவுக்காரர்கள், ஒரு சமையற்காரி. ஒருநாள் காலை, உள்ளே தாழிட்ட அறையில் கிழவி செத்துக் கிடக்கிறாள். தாழிட்ட கதவு மனித மனத்தின் குறியீடு என்று புரொபசர் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன்.

"கொடுத்து வெச்சவ! தனி ரூம், தாப்பா வேற. நம்மாத்துல குளிக்கற உள்ளுக்கு மட்டும்தான் தாப்பா. அங்கயும் யாராவது கதவை இடிச்சுண்டே இருப்பா."

போலீஸ் வந்தது, எல்லாரும் டீ குடித்தார்கள் என்றேன். நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னது, டீயா? பொணத்தை எடுத்தாச்சா?"

"இல்லம்மா, மாடிலதான் இருக்கு."

"நாசமாப் போச்சு! பொணத்தை வெச்சுண்டு அடுப்பு மூட்டினாளா? அந்தச் சமையக்காரிதான் கொன்னிருக்கா."

மறுநாள் கதையில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். உடனே மாமியார் எல்லோருமே கொலைகாரர்கள் என்று தீர்ப்பை மாற்றினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது புரொபசரின் தாழ்ப்பாள் கை கொடுக்கவில்லை, அந்த டீதான் கை கொடுத்தது. துப்பறிபவர் கதவையும் நின்றுபோன கடிகாரத்தையும் தடவித் தடவிப் பார்க்கிறார். செத்தவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் அந்த வீட்டில் இல்லை. சூடு ஆறாத டீ கெட்டில்தான் இந்த நாவலின் குறியீடு என்று எழுதிவிட்டேன்.

கடைசி அத்தியாயத்தில், பெற்ற பிள்ளைதான் கொன்றான் என்று தெரிந்தது. மாமியார் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"மாட்டுப்பொண் கூடவா அழலை?"

"கிழவி அவளைப் பாடாப் படுத்தியிருக்கா. எப்படி அழுவா?"

மாமியார் நறுக்கிய பீன்ஸைத் தட்டில் ஒதுக்கினார். பிறகு, "நான் போனா நீ அழுவியோ?" என்றார்.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிற ஜென்மம் நான். "இப்போ போனேள்னா அழமாட்டேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. காலேஜ் அதோடு தொலைந்தது என்றே நினைத்தேன். அவர் எழுந்து போய் பீன்ஸை அலம்பினார். 

மறுநாள் காலை அடுப்படிக்குப் போனால், சாதம் வடித்து, குழம்பு கொதித்து, டப்பாக்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. "நீ எதுக்கும்மா இதெல்லாம் பண்றே?" என்று என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"பரீட்சை முடியற வரைக்கும் டப்பா என் பொறுப்பு. அவ படிக்கட்டும். நான் கண்ணை மூடினா நெஜமா அழறதுக்கு இந்தாத்துல ஒருத்தியாவது வேணும்டா."

எனக்கு அங்கேயே பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது.

"இப்ப எதுக்குடி அழற? நான் இன்னும் போகலை" என்றார். "போ, பஸ்ஸைப் பிடி."