தம்பியின் வண்டியை எரித்தவள்

எங்கள் வீட்டில் டேங்க் என்றால் வாசல் ஓரத்தில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிதான். லாரித் தண்ணீர் வரும் நாளில், "டேங்க் ரொம்பிச்சா பாருடி" என்று அம்மா உள்ளே இருந்து குரல் கொடுப்பாள். அதனால் ராணுவத்தில் டேங்க் ஓட்டும் என் தம்பி வீட்டில் பேசும்போது மட்டும் அதை 'வண்டி' என்பான். "வண்டி ரிப்பேர்ல கீதுக்கா", "இன்னிக்கு வண்டி கழுவனோம்." பக்கத்தில் நின்று கேட்பவர்கள் அவன் எங்கோ வாடகைக் கார் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் டீ விற்பவர் ஒருமுறை என்னிடம், "தம்பிகிட்ட சொல்லி பெங்களூர்ல ஒரு வண்டி போடச் சொல்லுங்களேன், நல்ல ஓட்டம்" என்று யோசனையே சொன்னார். சொல்கிறேன் அண்ணே என்று ரயில் ஏறிவிட்டேன்.

நான் பொம்மை வண்டிகள் கட்டுகிறவள். பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பினால் எனக்கென்று மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு ஜன்னலோரம் பலகையைப் போட்டுக்கொண்டு, பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் அடிப்பேன். நாற்பது தாண்டியவள், கல்யாணப் பேச்சும் ஓய்ந்தவள், உட்கார்ந்து பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் சிரிப்பு உண்டு. சிரிக்கட்டும். அவர்கள் வீட்டு டிவி சீரியலைப் பற்றி நான் என்றாவது வாயைத் திறந்திருக்கிறேனா?

போன வருடம் என் பிறந்த நாளுக்குத் தம்பி ஒரு பெட்டி அனுப்பினான். அவன் ஓட்டும் அதே வகை டேங்கின் மாடல். போனில், "நீ கட்டி அம்மாக்குக் காட்டுக்கா. நான் இன்னா ஓட்றேன்னு அதுக்கு இன்னும் தெரியாது. ஏதோ ரோடு ரோலர்னு நெனச்சிக்கினு கீது" என்றான்.

கட்டிக் காட்டினேன். பச்சை வர்ணம் கூட அடிக்கவில்லை, வெறும் பிளாஸ்டிக் உடம்பு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் அதை வாங்கினாள். குழந்தையைத் தூக்குவது போலத்தான் பிடித்திருந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பன் கேஜுல ஏறி பூமிக்குள்ள எறங்கனாரு. புள்ள இதுக்குள்ள எறங்கறான். வெளிச்சத்துல நின்னு செய்யற வேல இந்தக் குடும்பத்துக்கு ஒத்துக்காது போல" என்றாள். அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர்.

அந்த வாரம் ஆயுத பூஜை. அரிவாள்மணை, தையல் மெஷின், என் ரயில் பாஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அம்மா, டேங்குக்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். பழம் டேங்கில் பாதி உயரம் இருந்தது. நான் சிரித்தேன். "சிரிக்காதடி, வண்டின்னா வண்டிதான்" என்றாள். போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் அதைத் தன்னோடு இருப்பவர்களுக்கெல்லாம் காட்டினானாம்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். பச்சை அடித்து, டிவி பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் பெங்களூரில் எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஹாலில் எல்லாரும் மாடல்களைக் கொண்டுவந்து பார்வைக்கு வைப்போம். அங்கே பளபளவென்று புது வண்டியை வைத்தால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். அடிபட்டு, எரிந்து, துருவேறிக் கிடக்கும் வண்டியை வைத்தால் குனிந்து நின்று பார்ப்பார்கள். கைவேலை தெரிவது அதில்தான். எனக்கோ துரு என்றால் பாடம் படிக்கவே வேண்டாம். மாரிகுப்பம் வரைக்கும் சுரங்க வாய்களான ஷாஃப்டுகளின் மேலே நிற்கும் இரும்புக் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவள். போல்ட்டுக்குக் கீழே துரு எப்படிக் கோடாக இறங்கும், மழை படாத மூலையில் எப்படி அடர்ந்து கறுக்கும் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். இந்தத் தடவை எல்லாரையும் ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தின்னரில் நனைத்த பஞ்சால் பொட்டைத் துடைத்தேன். குங்குமம் பிளாஸ்டிக்கில் ஊறியிருந்தது. ஒரே துடைப்பில் போகவில்லை, அழுத்தித் தேய்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வர்ணம் சரியாக ஒட்ட வேண்டுமே என்றுதான் தோன்றியது.

பிறகு தம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்தால், சாப்பிட்டாயா என்பதற்குள் என் சந்தேகங்களை ஆரம்பித்துவிடுவேன். வண்டி எரிந்தால் முதலில் எது போகும்? எந்தப் பக்கம் கறுக்கும்? முதல் தடவை கேட்டபோது சிக்னல் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"கீறன்க்கா" என்றான். "மொதல்ல ரப்பர் போவும். சக்கரத்துல சுத்தி ரப்பர் இருக்கும்ல, அது எரிஞ்சி வெறும் இரும்பு நிக்கும். அப்பறம் வண்டி அந்தப் பக்கம் ஒக்காந்துக்கும். பெயின்ட் கறுப்பாவாது, ரொம்ப சூடான எடத்துல வெள்ளையா சாம்பலாயிடும். ஒரு மழ பேஞ்சாப் போதும், அடுத்த நாளே ஆரஞ்சு கலர்ல துரு வந்துடும்."

"நீ எங்கடா பாத்த?"

"ரேஞ்சுல பழசு நிக்க வச்சிருப்பாங்க, சுட்டுப் பழகறதுக்கு. தெனம் பாக்கறதுதான்."

வாரா வாரம் கேட்டேன். அவனும் சொன்னான். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டால் பரவாயில்லை என்று அரை வாயில் சொல்லிவிட்டு மறுபடி சாம்பலுக்கு வந்துவிடுவேன். அவன் எந்த வண்டியில் உட்கார்ந்து தினமும் வேலைக்குப் போகிறானோ, அந்த வண்டி எரியும் விதத்தை அவன் வாயாலேயே சொல்லவைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

அந்த மூன்று மாதம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சக்கரங்களில் ரப்பர்ப் பகுதியைச் சுரண்டி எடுத்தேன். துருக் கலரின் மேல் ஹேர் ஸ்ப்ரே அடித்து, அதன் மேல் பச்சை அடித்து, ஈரப் பல்துலக்கியால் தேய்த்தால் பச்சை செதில் செதிலாக உரிந்து துரு வெளியே வரும். அது உரியும்போது உடம்பே சிலிர்க்கும். சக்கரத்தடியில் போட, சயனைடு மேட்டிலிருந்து ஒரு டப்பா மண் எடுத்துவந்தேன். தங்கம் எடுத்த பிறகு ஆலை கொட்டிய அந்த மண்ணைப் போல நைசான தூள் எந்தக் கடையிலும் கிடைக்காது. கடைசியாகப் பீரங்கிக் குழாயை முன்பக்கம் தாழ்த்தி, உடம்பின் மேலேயே சாய்த்து வைத்தேன். தலை கவிழ்ந்த மாதிரி இருந்தது. போட்டோவில் அற்புதமாக விழுந்தது.

அம்மாவுக்கு நான் காட்டவில்லை. அவளாகவே பார்த்தாள். காய்வதற்காக ஜன்னலில் வைத்திருந்தேன். முருங்கைக்கீரை ஆய முறத்தோடு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். எந்த வண்டி என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பொட்டு வைத்த இடத்தை விரலால் தொட்டாள். விரலில் கரித்தூள் ஒட்டியது.

எங்கள் ஊரில், ஷிஃப்ட் முடிந்தும் ஆள் வீடு திரும்பவில்லை என்றால் பெண்கள் எதிரே வருகிறவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எங்கே போனார், ஏன் நேரமாகிறது என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்து லைன் வீடு முழுக்கப் பாத்திரம் ஆடினால், சமையலை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அங்கேயும் அதே கேள்விதான். அம்மா அதைப் பல வருடம் கேட்டவள்.

"மேல வந்துட்டாங்களா?" என்றாள்.

எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் எரிச்சல் வந்தது. "யாரும்மா? உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் டப்பா" என்றேன்.

அம்மா கீரையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் மாடலின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. நான் எடுத்தேன். மறுநாள் திரும்பப் போர்த்தியிருந்தாள். எரிந்ததைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெங்களூரில் கூட்டம் கூடிப் பார்த்தது. ஒருவர் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கினார். "மேடம், இது நிஜமா ஆள் செத்த வண்டி மாதிரியே இருக்கு" என்று இன்னொருவர் பாராட்டினார். நான் தேங்க்ஸ் சொன்னேன். ரயிலில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு வரும்போதுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்க ஆரம்பித்தது. பங்காருப்பேட்டை தாண்டியதும் நான் பெட்டியை மடியிலிருந்து எடுத்துச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தம்பியின் போன் வரவில்லை. பயிற்சிக்குப் போகும்போது இப்படி ஆவது வழக்கம்தான். ஆனால் அந்த நாட்களில் டிவியில் எந்த சேனலைத் திருப்பினாலும் எல்லை, எல்லை என்றே கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டு, கீழே ஓடும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரிநாக்கு என்பார்களே, ஒருவர் வாயில் வந்தது அப்படியே பலித்துவிடும் என்று. எனக்கு என் கைகளைப் பார்த்தால் அப்படி இருந்தது. படித்தவள்தான், கணக்குப் பார்க்கிறவள்தான். இருந்தும் ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் அதைக் குழாயடிக்கு எடுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எல்லாவற்றின் மேலும் நானே வார்னிஷ் அடித்துக் காப்பாற்றி வைத்திருந்தேன். துரு ஒரு துளியும் போகவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பிரயோஜனம்?

ஒரு மத்தியானம் போன் வந்தது. சிக்னல் இல்லாத இடம், அவ்வளவுதான். "லீவு குடுத்துட்டாங்கக்கா, வர்றேன்" என்றான். ஆபீஸ் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

வந்தான். பயிற்சியில் கறுத்துப்போயிருந்தான், ஆள் பாதியாகியிருந்தான். அம்மா அவன் தட்டை விட்டு நகரவில்லை. அவன் வருவதற்கு முன் மாடலைப் பீரோ மேலே, சூட்கேஸுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவனே கேட்டான்.

"வண்டி எங்கக்கா?"

"ஒடஞ்சி போச்சிடா."

"பொய் சொல்லாத. எடு."

எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரப் பலகையில் வைத்து, கன்னத்தில் கை ஊன்றிக்கொண்டு பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான், சாம்பலைப் பார்த்தான். "நல்லா பண்ணிக்கீற. இப்படித்தான் இருக்கும்" என்றான். நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுப்பதற்குள், தாழ்ந்திருந்த பீரங்கிக் குழாயைத் தூக்கி, மேல்பாகத்தை விரலால் பக்கவாட்டில் மெதுவாகத் திருப்பினான். குழாய் மறைத்திருந்த இடத்தில், உடம்பின் முன்பக்கம் நடுவில், ஒரு சின்ன வட்ட மூடி இருந்தது.

"கன் இப்படி மேல எறங்கி நின்னுதுன்னா இந்த மூடி தொறக்காதுக்கா. டிரைவர் வெளிய வர முடியாது" என்றான். கோபமே இல்லாமல், ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் வரும் என்று சொல்வது போலச் சொன்னான். பிறகு நகத்தால் மூடியைத் தூக்கப் பார்த்தான். "இன்னா, ஒட்டிட்டியா?"

ஆமாம், ஒட்டிவிட்டேன். உள்ளே இருக்கை, கருவி எதுவும் இந்தப் பெட்டியில் வராது. திறந்து வைத்தால் வெற்றுப் பிளாஸ்டிக் தெரியும். அதனால் மாடல் கட்டுகிறவர்கள் எல்லாருமே மூடிகளைப் பசை வைத்து அடைத்துவிடுவோம். நான் வார்த்தை வார்த்தையாக விளக்கினேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. தம்பி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

டப்பாவிலிருந்து மெல்லிய பிளேடை எடுத்தேன். இந்தப் பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும். பிரிக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். மூடியின் ஓரத்தில் பிளேடை வைத்துச் சிறுகச் சிறுக அறுத்தேன். நான் ஆசையாகப் போட்ட துரு பொடிப்பொடியாகக் கொட்டியது. பிளேடு வழுக்கி ஒருமுறை விரலில் வெட்டிக்கொண்டேன். விடு, நான் செய்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. பக்கத்தில் குனிந்து, மூச்சு என் கையில் படும் அளவுக்கு நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் விட்டுக்கொடுத்து, மூடி லேசாக மேலே எழுந்தது. இன்னும் அகலமாகத் திறக்கலாம் என்று மறுபடி பிளேடை உள்ளே விட்டேன்.

தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போதும்க்கா. நான் ஒல்லிதானே."