முப்பத்திரண்டு எழுத்துக் காவல்காரன்

போன திங்கட்கிழமை என் வேலை போகப் பார்த்தது, பிள்ளைகளே. காப்பாற்றியது ஒரு பெயர். யார் பெயர்? சொல்கிறேன்...

பாறசாலைப் பக்கம் எங்கள் சபை நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் நான் அட்டெண்டர். பத்தாம் வகுப்போடு நின்றவன். அங்கே ஏழு மெஷின். எது ஓடுகிறது, எது சூடாகிறது, எது அணைந்து கிடக்கிறது என்று சுற்றிச் சுற்றித் தொட்டுப் பார்த்து ஷீலா டீச்சரிடம் சொல்வதுதான் என் வேலை.

செக்ரட்டரி சாலமன் சார் ஒரு புரோகிராம் வாங்கி வந்தார். டீச்சரின் மெஷினில் போட்டுவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதுவே கண்காணிக்குமாம்.

"இனி இது பாத்துக்கிடும். அடுத்த மாசம் முதல் நீரு வரண்டாம், கேட்டீரா?"

அதுவும் பார்த்தது. டீ கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை. என்ன குறை?

திங்கட்கிழமை எட்டாவது மெஷின் வந்தது. திருப்புறம் ஊர்க்காரர் ஒருவர் குவைத்திலிருந்து பணம் அனுப்பி வாங்கித் தந்தது. நம் ஊர் வழக்கம் தெரியுமே? கோயிலுக்கோ சர்ச்சுக்கோ ஒரு டியூப்லைட் கொடுத்தால், வெளிச்சம் வரும் இடத்தை எல்லாம் மறைத்துப் பெயர் எழுதுவோம். கம்ப்யூட்டரை விடுவோமா? மெஷினுக்குப் பெயர் வைக்கும் இடத்தில் செக்ரட்டரியே தம் கையால், ஆங்கிலத்தில் அடித்தார் — 'மேலேவிளை புத்தன்வீட்டில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் யோவான் அவர்கள் நினைவாக மகன் குவைத் ஸ்டீபன்.'

அடுத்த நிமிடம் கண்காணிக்கும் புரோகிராம் அவுட். எட்டு மெஷினும் ஜோராக ஓடின. காவல்காரன் மட்டும் காலி!

"ஓய், நீரு எதையாவது தொட்டீரா?"

"நான் தொடல்ல சாரே."

"வேல போற கோவத்துல வயர புடுங்கியிருப்பீரு. மாசக் கடைசி வரைக்கும் வேண்டாம், இப்பமே எறங்கும்!"

நான் குடையை எடுத்துவிட்டேன். ஷீலா டீச்சர்தான் தடுத்தார். புரோகிராமை இரண்டு முறை எழுப்பிப் பார்த்தார். எட்டாவது மெஷின் தன் பெயரைச் சொன்னதுமே இரண்டு முறையும் அது விழுந்தது.

"சாரே, இவரு ஒண்ணும் செய்யல்ல. இதுல பேருக்கு முப்பத்திரண்டு எழுத்துக்குத்தான் இடம் உண்டு. வாற பேரு எத்தன எழுத்துன்னு இது அளந்து பாக்காதாக்கும். மிச்சம் வழிஞ்சு, அடுத்து என்ன செய்யணும்னு குறிச்சு வச்ச இடத்தையும் அழிச்சுப்போட்டுது."

வழிந்தது வெறும் பெயர் என்பதால் விழுந்ததோடு போயிற்றாம். அதே இடத்தில் ஒரு கள்ளன் தன் உத்தரவை எழுதி அனுப்பியிருந்தால்? காவல்காரனே கதவைத் திறந்து சல்யூட் அடித்திருப்பான். நல்ல காவல்!

"பேர கொறச்சாப் போதும் சாரே," என்றார் டீச்சர்.

"யாரு பேர கொறைக்க? அப்பன் பேரையா, மகன் பேரையா? குவைத்துல அறிஞ்சா அடுத்த மெஷின் வருமா?"

பெயர் குறையவில்லை. புரோகிராம்தான் அலமாரிக்குள் போனது. குடையை மாட்டிவிட்டு, எட்டு மெஷினையும் தொட்டுப் பார்க்க நான் கிளம்பினேன். எவ்வளவு நீளப் பெயரைக் கேட்டும் இதுவரை நான் மயங்கி விழுந்ததில்லை.

நாளைக்கு நீங்களும் புரோகிராம் எழுதுவீர்கள், பிள்ளைகளே. உள்ளே வருவதை முதலில் அளந்து பாருங்கள் — அது குவைத்திலிருந்தே வந்தாலும்!