பத்து நாள் மூடிய கதவு

டிங். டிங். சூளைக்குள் பீங்கான் விரிசல் விடும் சத்தம் அது. இன்றும் எங்காவது கண்ணாடி டம்ளர்கள் மோதிக்கொண்டால் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் சூளை எரிப்பவன் நான். இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, என் மனைவி ரெபேக்காவின் கழுத்துக் கட்டியிலிருந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். புற்று என்ற வார்த்தையை டாக்டர் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன்.

ஜெபித்தேன். ஜெபமா அது? மிரட்டல். இன்றைக்கே சொல்லும் ஆண்டவரே, இப்போதே சொல்லும். சோறு இறங்கவில்லை. அவள் தலை பின்னும்போதெல்லாம் என் கண் அந்தக் கழுத்துக்கே போகும்.

ஆறாம் நாள் அந்தத் தப்பைச் செய்தேன். நெருப்பை அணைத்த பிறகு இரண்டு நாள் சூளைக் கதவைத் தொடக்கூடாது. உள்ளே சரக்கு எப்படி வந்திருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தத் தெரியாமை தாங்கவில்லை. ஒரு நாள் முன்பே திறந்துவிட்டேன். குளிர்ந்த காற்று உள்ளே போனது. டிங், டிங், டிங். ஃப்யூஸ் கட்டைகள் அத்தனையும் விரிசல்.

கூட வேலை செய்யும் முருகன் ஓடிவந்தான்.

"என்னாண்ணே, புதுசா வேலைக்கு வந்த ஆளாட்டம்! நீங்க எட்டிப் பாத்தாதான் உள்ள இருக்கறது நல்லா வருமா? ஞாயித்துக்கெழமையானா பைபிளத் தூக்கிக்கினு போறீங்களே, அங்க இதெல்லாம் சொல்லித் தர்றதில்லியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் அங்கேயே, சுடுசெங்கல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நல்ல ரிசல்ட் வரும் என்ற நினைப்பையே இத்தனை நாளும் நம்பிக்கை என்று வைத்திருந்தேன். என் கண்ணுக்கு மறைந்த இடத்தில் ஆண்டவர் இருக்கிறார் என்று நம்பி, கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று கேட்டது ஒன்றுதான்: என்னை நிற்க வையும். நின்றேன். நடுங்கிக்கொண்டேதான்.

பத்தாம் நாள் டாக்டர் சொன்னார்: "புத்து இல்லைங்க. டி.பி. கட்டி. ஆறு மாசம் மாத்திரைய வுடாம சாப்புடணும்."

கைதட்டிவிட்டேன். ரெபேக்கா முழங்கையால் இடித்தாள். "டி.பி.க்கு யாராச்சும் கைதட்டுவாங்களா? எல்லாரும் பாக்குறாங்க."

ஆடியோடு மாத்திரை முடிந்தது. கட்டி கரைந்துவிட்டது. என் தேவனுக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் ரிசல்ட் வந்த அன்று எங்களோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்த கலா என்ற பெண்ணின் காகிதத்தில், நாங்கள் பயந்த அதே வார்த்தை இருந்தது. ரெபேக்கா அவள் கையைப் பிடித்து அங்கேயே ஜெபித்தாள். கலா இன்னும் சிகிச்சையில் இருக்கிறாள். நாங்கள் அவளுக்காக ஆண்டவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதை வாசிக்கிற நீங்களும் ஏதோ ஒரு பதிலுக்காகக் காத்திருக்கலாம். காகிதத்தில் எது எழுதியிருந்தாலும், அவர் உங்களை விட்டுப் போகிறவர் இல்லை. பயத்தோடாவது அவரை நம்பி நில்லுங்கள்.

அன்று மூவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். விருத்தாசலத்தில் இறங்கி, கலாவை அவள் ஊரான வேப்பூருக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பஸ் நகர, கலா ஜன்னலில் எட்டி ரெபேக்காவிடம் சொன்னாள்:

"அக்கா, நான் உங்க சாமிய ஒரு நாளும் கும்புட்டதில்ல. ஞாயித்துக்கெழமை என் பேரயும் சொல்லிடுங்க. வெறும் கலான்னு சொன்னா எந்தக் கலான்னு தெரியாது. வேப்பூரு கலான்னு சொல்லுங்க!"