மிதிக்கலாம், எடுக்கக் கூடாது

இந்த ஊர் அருங்காட்சியகத்தில் வாசலிலேயே ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு நம்பர் வில்லை ஒன்றைத் தருகிறார்கள். ஷூவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெர்லினுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும் எனக்கு இது தலைகீழாகவே படுகிறது. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் கிறிஸ்டீனாதான் அன்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடலூரில் வாப்பா மவுத்தாகி மூன்று வாரமாகியும் நான் அழவில்லை என்று அவளுக்குக் கவலை. எனக்கும்தான்.

அது 'டாடா' என்று பெயர் வைத்துக்கொண்ட ஐரோப்பியக் கலைஞர்களின் கண்காட்சி. நூறு வருஷத்துக்கு முன் பெரிய யுத்தம் நடந்தபோது, அறிவாளிகள் பேசிப் பேசித்தான் இத்தனை பிணம் விழுந்தது என்று வெறுத்துப்போய், அர்த்தமே வேண்டாம் என்று கிளம்பிய இளைஞர்களாம். செய்தித்தாளைக் கத்தரித்து, வார்த்தைகளைக் குலுக்கிப் போட்டுக் கவிதை என்றார்களாம். கைப்பிடி கழன்ற வாளியும் பல் உதிர்ந்த சீப்பும் கண்ணாடிப் பெட்டிக்குள் மரியாதையாக இருந்தன. எங்கள் முதுநகர்ப் பழைய இரும்புக்காரர்கூட அவற்றை வாங்க யோசிப்பார். எனக்கு எதுவும் பிடிக்கவுமில்லை, பிடிக்காமலுமில்லை.

கடைசி அறையில் தரை முழுக்க அச்சடித்த காகிதத் துண்டுகள். டாடாக்காரர்களின் நினைவாக இந்தக் காலத்துக் கலைஞர் ஒருவர் பரப்பியது. அதன்மேல் நடந்துதான் வெளியே போக வேண்டும். என் கால் நின்றுவிட்டது.

வாப்பா சிப்காட்டில் மூட்டை இறக்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. தெருவில் எழுத்துள்ள காகிதம் கிடந்தால் குனிந்து எடுத்துச் சுவர் இடுக்கில் செருகுவார். பஜ்ஜி மடித்த தாளானாலும் சரி, சிதம்பரம் பஸ் டிக்கெட்டானாலும் சரி. நான் சிரித்தால், "எழுத்து இருக்குதுடா. என்னா எழுதியிருக்குதுன்னு நமக்கென்னா தெரியும்?" என்பார்.

குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். நானும் கலையில் கலந்துகொள்கிறேன் என்று நினைத்துக் கிறிஸ்டீனா கைதட்டினாள். காவலர் ஓடிவந்தார்.

"எடுக்காதீர்கள்."

"நடக்க வழி மட்டும் ஒதுக்கிக்கொள்கிறேன்."

"வேண்டாம். தாராளமாக மிதிக்கலாம். எடுக்கத்தான் கூடாது."

கையிலிருந்ததைக் கீழே போட்டேன். மிதித்துக்கொண்டே நடந்தேன். நெஞ்சு பதறும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வெளியே வந்ததும் மச்சான் கூப்பிட்டார். அக்கா புருஷன், சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

"மச்சான், நாப்பதாம் நாள் ஓதுறோம். அதுக்காவது வந்துடுவீங்களா?"

என் விசா புதுப்பிக்கப் போயிருக்கிறது. நடுவில் கிளம்பினால் திரும்ப வர முடியாமல் போகலாம் என்று விசா அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மவுத்துக்குப் போகாததும் அதனால்தான். அன்று மாலையே அடக்கிவிட்டார்கள். மச்சான் வீடியோவில் காட்ட, முதியோர் இல்லத்துத் துணி துவைக்கும் அறையில் நின்று பார்த்தேன்.

"முடியாது மச்சான்."

"சரி வுடுங்க. வீடியோ போட்டு, போனை ஒரு தலவாணில சாத்தி வெக்கிறேன். நீங்களும் ஒக்காந்த மாரி இருக்கும்."

சொன்னபடியே வைத்தார். நாற்பதாம் நாள் கடலூர் வீட்டில், பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு நடுவே நானும் தலையணையில் சாய்ந்திருந்தேன். ஓதி முடித்ததும் நெய்ச்சோறு வந்தது. பரிமாறிக்கொண்டு வந்தவர் வரிசையில் யாரையும் விடக் கூடாதென்று என் முன்னாலும் ஒரு தட்டை வைத்தார். சோற்றின் ஆவி பட்டுப் போன் திரையில் நீர் கோத்தது. அக்கா வந்து முந்தானையால் என் முகத்தை மெதுவாகத் துடைத்தாள். இங்கே நான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.